பூகி-வூகி: பொருள், பிறப்பு, தமிழில் என்ன சொல்வது?

பூகி-வூகி என்றதும் பலருக்குச் சோனி தொலைக்காட்சியில் 1996இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடிய இந்தி நடனப் போட்டிதான் நினைவுக்கு வரும். அதனால் இது ஏதோ ஒரு நடனத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முழுத் தவறும் இல்லை. ஆனால் அகராதியில் தேடினால் கிடைக்கும் பொருள் வேறு: பியானோவில் விரைவாக வாசிக்கப்படும் ஒரு வகை ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை.

அதன் அடையாளம் இடக்கை. நான்கு தாளத் தட்டு சேர்ந்தது ஓர் அளவு, நம் ஆவர்த்தனம் மாதிரி. ஒவ்வொரு அளவிலும் இடக்கை எட்டு ஸ்வரங்களை வாசிக்கும். அதே உருவைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். இப்படிப் பன்னிரண்டு அளவு சேர்ந்தால் ஒரு சுற்று. நம் கணக்கில் சொன்னால், முதல் நான்கு அளவு 'ச'வை ஆதாரமாகக் கொண்டிருக்கும், அடுத்த இரண்டு 'ம'வுக்குப் போகும், பிறகு இரண்டு மறுபடி 'ச', கடைசி நான்கில் 'ப'வைத் தொட்டுவிட்டு 'ச'வுக்கே வீடு திரும்பும். இத்தனைக்கும் வலக்கை தன் பாட்டுக்குத் தாளத்தோடு விளையாடிக்கொண்டிருக்கும். மேளம் இல்லாத இடத்தில் ஒரே ஆள் கூட்டத்தை ஆடவைக்க வேண்டும், அதற்குப் பிறந்த உத்தி இது.

இந்த வாசிப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால் ஆய்வாளர்களில் பலர் கிழக்கு டெக்சஸைக் காட்டுகிறார்கள். அங்கே பைன் காடுகளில் மரம் வெட்டிய கறுப்பினத் தொழிலாளர்களின் முகாம்களில், சாராயப் பீப்பாய் வைத்த கொட்டகையில் ஒரு பியானோவும் இருக்கும். வாசிப்பவர்கள் ரயிலேறி முகாம் முகாமாகப் போவார்கள். அந்த இடக்கையில் ரயில் ஓசை கேட்கிறது என்று சொல்வது வெறும் வர்ணனை இல்லை. பியானோக்காரர் மீட் லக்ஸ் லூயிஸ் 1927இல் பதிவு செய்த புகழ்பெற்ற உருப்படியின் பெயரிலேயே ரயில் இருக்கிறது.

சரி, இசை முன்பே இருந்தது. பெயர் எப்போது ஒட்டியது? அதற்குக் காரணமானவர் இருபத்து நான்கு வயதில் செத்துப்போன ஓர் இளைஞர்.

கிளாரன்ஸ் ஸ்மித் 1904 ஜூனில் அலபாமா மாநிலத்தின் டிராய் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது பர்மிங்ஹாமில். சின்ன வயதில் மரம் ஏறுவதில் இருந்த பித்தால் 'பைன்டாப்', அதாவது பைன் மர உச்சி, என்ற பட்டப்பெயர் வந்து நிலைத்துவிட்டது. 1920 வாக்கில் பிட்ஸ்பர்க் போனார். கறுப்பினத்தவருக்கான நாடக அரங்குகளில் பாடி, ஆடி, நகைச்சுவை செய்து, பியானோ வாசித்துப் பிழைத்தார். மா ரெய்னி போன்ற பெரிய பாடகிக்கும் பக்கவாத்தியமாக வாசித்திருக்கிறார். அவருடைய வாசிப்பைக் கேட்ட இன்னொரு பியானோக்காரர், கவ் கவ் டேவன்போர்ட், வொக்கேலியன் இசைத்தட்டு நிறுவனத்தின் மேயோ வில்லியம்ஸிடம் அவரைச் சிபாரிசு செய்தார். 1928இல் பைன்டாப் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஆல்பர்ட் அமன்ஸும் மீட் லக்ஸ் லூயிஸும் குடியிருந்த அதே கட்டடத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. பூகி-வூகியின் மூன்று பெரிய கைகள் ஒரே கூரையின் கீழ்! அக்கம்பக்கத்தார் எப்படித் தூங்கினார்களோ.

அன்றைய சிகாகோவின் தெற்குப் பகுதியில் 'வாடகை விருந்து' என்று ஒரு வழக்கம் இருந்தது. மாத வாடகை கட்ட முடியாத குடும்பம் வீட்டைத் திறந்துவிடும். வருகிறவர்கள் கொஞ்சம் காசு கொடுத்துச் சாப்பிட்டு, மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயத்தைக் குடித்து, விடியவிடிய ஆடுவார்கள். பியானோ வாசிப்பவர்தான் அந்த இரவின் உயிர். செயின்ட் லூயிஸில் நடந்த அப்படியொரு விருந்தில்தான் தன் உருப்படி பிறந்தது என்று பைன்டாப் சொல்லியிருக்கிறார்.

1928 டிசம்பர் 29 அன்று அந்த உருப்படியைப் பதிவு செய்தார். இசைத்தட்டின் பெயர் 'பைன்டாப்ஸ் பூகி வூகி'. கேட்டுப் பாருங்கள், அவர் பாடுவதே இல்லை, பேசுகிறார். நான் நிறுத்தச் சொன்னால் ஒருவரும் அசையக் கூடாது, ஆடச் சொன்னால் எல்லோரும் ஆட வேண்டும் என்று கட்டளை போடுகிறார். சிவப்பு உடுப்பு போட்ட பெண்ணைத் தனியே கூப்பிட்டும் சொல்கிறார். வாடகை விருந்தின் கூடத்தை அப்படியே தட்டில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஓர் இசைத்தட்டின் தலைப்பில் பூகி-வூகி என்ற சொல் வந்து பெரிய அளவில் விற்றது இதுதான் முதல் முறை.

அடுத்த மார்ச் 15 அன்று சிகாகோ நடனக் கூடம் ஒன்றில் நடந்த கைகலப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். மறுநாள் அவருக்கு இன்னொரு ஒலிப்பதிவு இருந்தது. குண்டு அவருக்கென்றே சுடப்பட்டதா, தவறிப் பட்டதா என்பதில் ஆளுக்கொரு கதை. அவர் விட்டுப்போனது ஒரு சில பதிவுகள்தான், புகைப்படம்கூட மிஞ்சவில்லை. ஆனால் 1938இல் டாமி டோர்சியின் இசைக்குழு அதே உருப்படியைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்ப வாசித்தது, நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் அமன்ஸும் லூயிஸும் இன்னொரு பியானோக்காரரான பீட் ஜான்சனும் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் எங்கு திரும்பினாலும் பூகி-வூகிதான்.

இனி சொல்லின் வேர். ஹவுசா, மண்டிங்கா, பாண்டு மொழிகள் என்று ஆப்பிரிக்காவில் பல இடங்களைக் காட்டி, மேளம் அடித்தல், ஆடுதல் என்று பொருள் சொல்கிறார்கள். ஒலி ஒப்புமை இருக்கிறது, உறுதியான சான்று இல்லை. அதனால் எந்த ஒன்றையும் வேர்ச்சொல் என்று எழுதிவைப்பதை நான் ஏற்க மாட்டேன். கொஞ்சம் திடமான தடம் அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. டெக்சஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1926இல் 'பூகர் ரூகர்' என்ற தொடரைப் பாடியிருக்கிறார். ஆட்டமும் கூச்சலுமான விருந்துக்கு அங்கே அப்படி ஒரு பெயர். 'வூகி' என்ற பின்பாதிக்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். நாம் 'காசு கீசு' என்கிறோமே, அதுபோன்ற எதிரொலிதான்.

தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் வழக்கமாகக் கையில் எடுப்பது 'துள்ளிசை'. ஆனால் ராக், பாப், டிஸ்கோ என்று வேகமான எல்லாவற்றுக்கும் அதே சொல்லைப் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. இடக்கை உருள்வதை நினைத்து 'உருட்டிசை' என்று ஆக்கலாம். ஆனால் இன்றைய இளைஞர்களிடம் அதைச் சொன்னால், யார் உருட்டுகிறார்கள் என்று கேட்பார்கள்.

என் தேர்வு இது. இசை வகையைக் குறிக்கும்போது பூகி-வூகி என்றே எழுதலாம், முதல் முறை வரும்போது 'எட்டடி இடக்கைப் பியானோ இசை' என்று ஒரு விளக்கம் கொடுத்தால் போதும். வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகிய உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. அதன்படி பார்த்தால் 'வூகி' கூடாது. 'பூகி-ஊகி' என்று எழுதலாம்தான். ஆனால் இது வெளியூர்க்காரர் பெயர் மாதிரி, அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

இசைத்தட்டுக்கு முந்தைய பழைய பொருளுக்கு மட்டும் நம்மிடம் அசலான சொல் இருக்கிறது: கும்மாளம். வினையாக வந்தால் கும்மாளம் போடு, கூத்தடி. மொழிபெயர்க்கிறவர்கள் இடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 1948இல் ஜான் லீ ஹூக்கர் 'பூகி சில்லன்' பாடியபோது பக்கத்தில் பியானோவே இல்லை, ஒரு மின் கிடாரும் தரையைத் தட்டும் காலும்தான். அங்கே எட்டடி இடக்கை என்று விளக்கம் எழுதினால் ஹூக்கரின் கிடாரைப் பியானோவாக்கிவிடுவோம். 'கூத்தடிங்க பிள்ளைகளா' என்று போட்டால் சரியாக இருக்கும்.