கடிகாரத்தைத் தொடாதீர்கள், டைம் ஸோனை மாற்றுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. காலை ஏழு மணிக்குப் போன். "அண்ணே, சர்வருக்குள்ள போக முடியல, ஓடிபி எதைப் போட்டாலும் தப்புங்குது." நேற்று எதில் கை வைத்தாய் என்றேன். "டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருந்துச்சுண்ணே, டேட் கமாண்ட் போட்டு சரி பண்ணிட்டேன்."

பின்னாடி இல்லையப்பா, அது யூடிசி, உலகப் பொது நேரம்! எத்தனை பேருக்கு எத்தனை தடவைதான் சொல்வது? சர்வரை இயக்கும் லினக்ஸ் உள்ளே வைத்திருப்பது ஒரே ஓர் எண், 1970 ஜனவரி 1 நள்ளிரவு யூடிசியிலிருந்து எண்ணி வரும் விநாடிகள். அது சென்னையிலும் ஒன்றுதான், டோக்கியோவிலும் ஒன்றுதான். அதை எந்த ஊர் மணியாகக் காட்டுவது என்பது மட்டும்தான் டைம் ஸோன். தம்பி அதை விட்டுவிட்டு எண்ணையே 19,800 விநாடி முன்னால் தள்ளியிருக்கிறார். அந்த எண்ணை வைத்தே கணக்கிட்டு 30 விநாடிக்கொரு முறை மாறும் ஓடிபி அப்புறம் எப்படிப் பொருந்தும்? பில்லிங் சாஃப்ட்வேர் வேறு, யூடிசி என்று நம்பி இன்னொரு ஐந்தரையைக் கூட்ட, மாலை ஆறரைக்கு மேல் போட்ட பில்லெல்லாம் மறுநாள் தேதியில். இதில் கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் என்டிபி சர்வீஸையும் நிறுத்தி வைத்திருந்தார். ஏன் என்றால், "அது திரும்பத் திரும்ப பழைய டைமுக்கே இழுக்குதுண்ணே." இழுக்கத்தான் செய்யும், அதன் வேலையே அதுதான்.

டைம்டேட்சிடிஎல் கமாண்டில் செட்-டைம்ஸோன், பக்கத்தில் ஏசியா/கொல்கத்தா. ஒரே வரி. பட்டியலில் சென்னையைத் தேடாதீர்கள், இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான் (ரயில்கள் மெட்ராஸ் டைமில் ஓடிய காலம் எப்போதோ போய்விட்டது). இலங்கை சர்வர் என்றால் ஏசியா/கொழும்பு. இரண்டும் இன்று ஐந்தரைதானே என்று கொல்கத்தாவைப் போட்டுவிடாதீர்கள், இலங்கை 1996இல் நேரத்தை மாற்றி 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது, பழைய பதிவுகளின் மணி தப்பாக வரும். இந்திய நேரத்தின் சுருக்கம்தானே என்று வெறும் ஐஎஸ்டி என்றும் எழுதாதீர்கள். அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே மூன்றெழுத்துதான், பல லினக்ஸ்களில் யூடிசி மணியையே காட்டிப் பக்கத்தில் ஐஎஸ்டி என்று போட்டுவிடும்.

மாற்றிய கையோடு, குறித்த மணிக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரவு 2 மணி பேக்கப் பழைய ஸோன்படி காலை ஏழரைக்குத்தான் ஓடும்.

தயவுசெய்து, கை வைக்கும் முன் டேட் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். வரும் வரியில் யூடிசி என்று இருந்து, மணி ஐந்தரை மட்டும் குறைவாகத் தெரிந்தால் கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. அப்போதும் சந்தேகமென்றால் முந்தின நாள் சாயங்காலமே கூப்பிடுங்கள், காசு கேட்க மாட்டேன்.