மைக்ரோஸ்பியர்: நுண்கோளம்

மருந்தைச் சுமக்கும் மிகச்சிறு உருண்டையை மருத்துவர் ‘பாலிமர் மைக்ரோஸ்பியர்’ என்கிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் நம் பெரியவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உடம்புக்குள் போகிற பொருள் இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கிரேக்கத்தில் மைக்ரோஸ் சிறியது, ஸ்பைரா உருண்டை. ‘நுண்கோளம்’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இழுபறி ‘பாலிமர்’ என்பதில்தான். பாலி என்றால் பல, மெரோஸ் என்றால் பகுதி. 1833இல் சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் ஆக்கிய இச்சொல்லுக்கு அன்று இன்றைய பொருள் கிடையாது. சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நெடுஞ்சங்கிலி என்னும் கருத்தை 1920இல் ஜெர்மானியர் ஸ்டாடிங்கர் முன்வைத்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் ரப்பரும் ஒன்று. நம் பாட்டன்மார் விடியலில் மங்கு மங்காக எடுத்த ரப்பர் பாலில் இருப்பதும் அதே சங்கிலிதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘பலபடி’. எனக்கு உவப்பு ‘பல்லுறுப்பி’. மெரோஸின் பொருள் ‘உறுப்பி’ல் இருக்கிறது, ‘படி’யில் இல்லை.

புற்றுநோய் மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் பல்லுறுப்பி, லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்தது. மருந்து அந்த உருண்டை முழுவதும் விரவியிருக்கும். உடல்நீர் சங்கிலியை அறுக்க அறுக்க மருந்து வெளியேறும். மிஞ்சும் அமிலங்களை உடலே கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். புரோஸ்டேட் புற்றுக்கான லியூப்ரோலைடு ஊசி இவ்வகையில் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாள்தோறும் போட்ட ஊசி மாதம் ஒன்றாகக் குறைந்தது. இது கட்டிக்குள் போடும் ஊசியல்ல, கட்டியை வளர்க்கும் ஹார்மோனை அடக்குவது. ஈரல் கட்டிக்கோ, டாக்சோரூபிசின் என்னும் புற்று மருந்து ஏற்றிய நுண்கோள மணிகளைத் தமனி வழியே கட்டிக்கே அனுப்புகிறார்கள். அவை இரத்த ஓட்டத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே மருந்தைக் கசியவிடும்.

‘மைக்ரோகேப்சூல்’ என்பதையும் நுண்கோளம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. செம்பனை நாற்றுப் பைகளில் இடும், பல நாள் சத்தைக் கசியவிடும் உரமணியைப் பாருங்கள். உரம் தீர்ந்த மணியை விரலால் நசுக்கினால் தோல் மட்டும் சப்பையாய்க் கிடக்கும். மருந்தை உள்ளே வைத்து மேலே தோல் போர்த்தியது ‘நுண்ணுறை’. மருந்து உருண்டை முழுவதும் விரவியது ‘நுண்கோளம்’.

மருந்து பல நாள் தொடர்ந்து வெளியேறுவதைச் சொல்லும் ‘சஸ்டெய்ன்டு ரிலீஸ்’ என்பதற்கு ‘நீள்விடுப்பு’ போதும். ‘மெதுவாக’ என்றால் மருந்து தாமதித்துத்தான் வேலை செய்யும் என்று நோயாளி எண்ணிவிடுவார். இனி மருத்துவரிடம் இப்படிக் கேட்கலாம்: “டாக்டர், இது கரையுற கோளமா, உள்ளேயே தங்குற கோளமா?” ஈரலுக்குப் போடும் மணிகளில் பல கரையாமல் தங்கிவிடுபவை.