பாக்கெட்டின் பின்பக்கம்

“இதுல மரபணு மாத்துன சோளம் ஏதும் இருக்கா மேடம்? பயமா இருக்கு.”

மேசைமேல் அந்த அம்மா வைத்தது, மகன் தினமும் தின்னும் மிட்டாய்ப் பாக்கெட். ஆறு வயது இருக்கும். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நாக்கு முழுக்க ஆரஞ்சு நிறம். பாக்கெட்டைத் திருப்பினேன். பொடி எழுத்தில் மூன்று எண்கள்: 102, 110, 129.

மூன்றும் செயற்கை நிறமிகள். 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், இத்தகைய நிறமிக் கலவையை, உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டுடன் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் துறுதுறுப்பு கூடியது. பெரிய விளைவு என்று சொல்ல முடியாது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரியும் இல்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த நிறமிகள் சேர்த்த தின்பண்டங்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. உணவியல் ஆலோசகராக நான் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.

அதற்காக அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளவில்லை. மரபணு மாற்றம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பி.டி. பயிரில் இருப்பது மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு. அது உண்டாக்கும் புரதம் சில வகைப் புழுக்களின் குடலைத் துளைக்கும். அது பற்றிக்கொள்ளும் இடம் நம் குடலில் இல்லை. 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. விற்பனையில் உள்ள மரபணு மாற்று உணவுகள் மற்றவற்றைவிட உடலுக்கு ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு வகை: களைக்கொல்லியைத் தாங்கும் பயிர். 1996-இல் பயிரிடத் தொடங்கிய சோயா அப்படிப்பட்டது. பயிர் சாகாது என்ற தைரியத்தில் அதன் மேலேயே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கலாம். களைகளும் சும்மா இருக்கவில்லை, தாங்கப் பழகிவிட்டன. அவற்றை அடக்க வேறு மருந்தும் சேர்ந்தது. 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலில் வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. முகமை பார்ப்பது, ஒரு பொருளால் புற்றுநோய் வருமா என்பதை. நம் தட்டில் எவ்வளவு சேர்கிறது, அந்த அளவு கெடுதலா என்பது வேறு கணக்கு. செய்தித் தலைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

“அப்போ பழத்தைக் கழுவினாப் போதுமா?” என்றார். ஓரளவுக்கு. ஆப்பிளில் செய்த 2017 ஆய்வொன்றில், லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, தோல்மேல் இருந்த இரண்டு பூச்சிமருந்துகள் போய்விட்டன. ஆனால் அந்த இரண்டில் ஒரு மருந்தின் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது. அதைத் தொட முடியவில்லை. தோல் சீவலாம், நார்ச்சத்தும் கூடவே போகும். நான் கழுவித் தோலோடுதான் தின்கிறேன்.

அடுத்த முறை வந்தபோது, வீட்டிலிருந்த பாக்கெட்டுகளின் பின்பக்கத்தையெல்லாம் கைபேசியில் படமெடுத்து வந்திருந்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்களை வாசித்துக் காட்டினார். பையன் மட்டும் என்னை முறைத்துக்கொண்டே இருந்தான்.