டைனோசருக்கு எந்த மருந்தை ஏற்றுவது?

நான் வனத்துறைக் கால்நடை மருத்துவன். வன உயிரின வார விழாவில் பேச ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், குரங்குக்கு ஏன் தீனி போடக்கூடாது, யானை வழித்தடம் என்றால் என்ன என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், டைனோசரைத் திரும்ப உருவாக்கி பார்க் வச்சு, அது கூண்டை உடைச்சுட்டு ஓடிருச்சுன்னா, நீங்க மயக்க ஊசி போட்டுப் பிடிச்சிருவீங்களா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து எது, அளவு எவ்வளவு என்று தெரியாமல் என் தொழிலில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அந்தப் பையன் நேராக அங்கேதான் கை வைத்தான். "முடியாதுப்பா" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஏன் முடியாது என்று அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உயிர்ப்பிக்க முடியுமா என்ற கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உயிர் போனதும் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் 158 கால் எலும்புகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். அந்த எலும்புகள் கிடந்த தட்பவெப்பத்தில் 521 ஆண்டுக்கு ஒருமுறை டி.என்.ஏ. பிணைப்புகளில் பாதி அறுந்துவிடுகிறது. இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய டி.என்.ஏ. வடக்கு கிரீன்லாந்தின் உறைமண்ணில் எடுத்தது. அதற்கு வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்தோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது. நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைக்கப்பட்ட ராட்சத எலும்புகள்கூட இன்று இல்லை, உதிர்ந்து போய்விட்டன. ஆகவே அசல் டைனோசர் வரப்போவதில்லை.

சரி, அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை? அசல் வராது, ஆனால் அந்தப் பெயரில் வேறொன்று வரலாம். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலோசல் நிறுவனம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தது. இன்றைய சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, நாயின் வயிற்றில் வளர்த்துப் பிறக்க வைத்த குட்டிகள் அவை. இவை டயர் ஓநாய்கள் அல்ல என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் நாய்க் குடும்ப வல்லுநர் குழு சொன்னது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது முதல் அறிவிப்புதான். 2015இல் கோழிக் கருவில் அலகு உருவாகும் வழியைத் தடுத்து, பழைய ஊர்வனவுக்கு இருந்தது போன்ற மேல்தாடை முனை எலும்பை வரவழைத்தார்கள். அந்தக் குஞ்சுகளைப் பொரிக்க விடவில்லை, அதுவரை நல்லது. நாளைக்கு ஒருவர் ஒரு பெரிய பறவைக்குப் பல்லும் வாலும் வரவைத்து, டைனோசர் என்று போர்டு மாட்டி டிக்கெட் விற்கலாம். நான் பயப்படுவது அந்தப் பறவையை நினைத்துத்தான். அதற்காகவும் பயப்படுகிறேன், அதன் முன்னால் நிற்கப் போகிறவர்களுக்காகவும் பயப்படுகிறேன்.

மயக்க ஊசிக்கு வருகிறேன். காட்டு யானை ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் அதன் எடை தெரிய வேண்டும். தராசில் ஏற்ற முடியாது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். அதை வைத்து, யானை இளைத்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்று பாகன்களிடம் கேட்டு, எடையை ஒரு மாதிரி முடிவு செய்வோம். சைலசின், கீட்டமின் என்ற மயக்க மருந்துகளை எந்த விகிதத்தில் கலப்பது என்பது பல யானைகளிடம் பலர் கற்றுக்கொண்ட பாடம். ஊசி பட்டதும் யானை விழுந்துவிடாது, நேரம் ஆகும். அதற்குள் அது பள்ளத்தில் இறங்கலாம், தண்ணீருக்குள் போய்விடலாம். நெஞ்சு தரையில் பதியக் கவிழ்ந்து படுத்துவிட்டால், தன் எடையே அழுத்தி மூச்சுத் திணறும். கும்கிகளை வைத்து உடனே பக்கவாட்டில் புரட்ட வேண்டும். இவ்வளவு தெரிந்தும் சில யானைகளை இழந்திருக்கிறோம்.

முதலை இன்னொரு விதம். மூச்சை வெகுநேரம் அடக்கிக்கொள்ளும், அதனால் முகமூடி வைத்து வாயு மருந்து கொடுத்தால் பலன் இருக்காது. உடம்பு குளிர்ந்திருந்தால் மருந்து மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். அசையாமல் கிடப்பதை வைத்து மயங்கிவிட்டது என்று நம்பக்கூடாது. பறவை நேர் எதிர்: சூடான உடம்பு, நுரையீரலோடு காற்றுப் பைகள், எல்லாம் வேகம். டைனோசரின் நெருங்கிய சொந்தங்களில் இன்று உயிரோடு இருப்பவை இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று தெரியாத உடம்புக்கு டார்ட்டில் எதை ஏற்றுவேன்? குறைவாகப் போட்டால் வலியில் வெறிகொண்டு எதிரில் இருப்பவர் மேல் பாயும். கூடப் போட்டால் செத்துவிடும். உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் விலங்கின் மேல் எந்த மருத்துவரும் அளவைப் பரிசோதித்துப் பார்க்க முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வனத்துறைப் பணிக்கு வருவதற்கு முன்பு ஈரோடு மாவட்டத்தில் கால்நடை உதவி மருத்துவராக இருந்தேன். கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்பு எப்படிக் கொடிகட்டிப் பறந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். முதலீடு செய்தால் மாதம் இவ்வளவு என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தவர்களும், ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகக் கொடுத்தவர்களும் உண்டு. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. பணம் கொடுத்தவர்கள் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் தீனியில்லாமல் கம்பி வேலிக்குள் நின்றன. அரசு தலையிட்டுத் தீனிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. துறை ஆட்களோடு ஆளாக நானும் போனேன்.

ஒரு கொட்டகை இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலியோரம் வரிசையாக நீண்ட கழுத்துகள், சத்தமே இல்லை. ஒன்றின் முதுகை இன்னொன்று கொத்தி, இறகு போய்த் தோல் சிவந்திருந்தது. உள்ளே நுழையப் போனபோது அங்கே வேலை பார்த்த பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, நேரா நிக்காதீங்க, முன்னாலதான் உதைக்கும். பின்னால வந்து கட்டிப் புடிக்கோணும்." அதுவரை நான் பிடித்ததெல்லாம் கோழி, வாத்து, வான்கோழி. பறவை மருத்துவப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு கொட்டகைக்கு மாற்றுவதற்காகச் சில பறவைகளை நாங்கள் துரத்திப் பிடித்தோம். மறுநாள் அவற்றில் ஒன்று எழவே இல்லை. காலை மடக்கியபடி கிடந்து அடுத்த நாள் செத்தது. அறுத்துப் பார்த்தேன். தொடைச் சதை வெளிறி, வேகவைத்த கறி போல இருந்தது. மிரண்டு ஓடிய ஓட்டத்தில் தசை தானே சிதைந்துவிடும். மானுக்கும் இது வரும், ஈமு போன்ற பறவைகளுக்கும் வரும். அவசரப்படாமல், இருட்டிய பிறகு, தடுப்புகளை வைத்து மெதுவாக ஒதுக்கியிருந்தால் அது பிழைத்திருக்கும். அந்தச் சாவு எங்கள் கையால் வந்தது. அதன் அரைவைப் பையைத் திறந்தபோது இரண்டு ஆணி, வேலிக் கம்பித் துண்டு, ஒரு ரூபாய் நாணயம், செருப்பு வார் எல்லாம் கிடந்தன. மின்னுவதைக் கண்டால் விழுங்கிவிடும் என்று கொட்டகை கட்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஈமு என்ன புதிய விலங்கா? ஆஸ்திரேலியாவில் காலங்காலமாக மனிதர்களோடு வாழ்கிற பறவை. அதன் நோய், தீனி, முட்டை எல்லாவற்றுக்கும் நூல்கள் உண்டு. அப்படியும் இங்கே கொண்டுவந்தபோது இந்தப் பாடு. டைனோசர் பூங்கா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கூர்மையான பல் இல்லை, அந்த நீண்ட கழுத்துகள்தான். நிறுவனம் மூடினால் ராட்டினத்தைத் துணி போட்டு மூடி வைக்கலாம். நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோ தின்னும் உயிரை யார் வைத்துக்கொள்வது? காட்டில் விட முடியாது, வேறு விலங்குக் காட்சிச்சாலையும் ஏற்காது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில், 2011இல் தனியார் ஒருவர் தான் வளர்த்த புலி, சிங்கம், கரடிகளைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். போலீசார் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுட்டுக் கொன்றார்கள், 18 புலிகள் உட்பட. இரவு நேரம், பக்கத்தில் வீடுகள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

குட்டியிலிருந்தே வளர்த்தால் பழகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வன ஓய்வு விடுதி ஒன்றில் தாயில்லாத கடமான் குட்டியைக் காவலர் ஒருவர் பால் புட்டி கொடுத்து வளர்த்தார். ராமு என்று பெயர். அவர் பின்னாலேயே சுற்றும். நாலாவது வருடம், கொம்பு முற்றி மேல்தோல் உரிந்த பருவத்தில், ஒருநாள் காலை தண்ணீர் எடுக்கப் போனவரின் தொடையில் குத்தித் தூக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "எப்படிண்ணே ஆச்சு?" என்றேன். "நம்ம ராமு சார்... நான் பால் குடுத்து வளர்த்தவன் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காட்டில் வளர்ந்த கடமான் மனிதனைக் கண்டால் ஓடிவிடும். ராமுவுக்கு அந்தப் பயம் இல்லை. பருவம் வந்ததும் அது அவரை இன்னொரு ஆண் மானாக நினைத்து மோதியிருக்கிறது.

காசோவரிப் பறவையிடமும் இதே கதைதான். நெஞ்சைக் கிழிக்கும் நகம் உள்ள, மனித உயரப் பறவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அது மனிதர்களைத் தாக்கிய 150 நிகழ்வுகளை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். நாலில் மூன்று தாக்குதல்களைச் செய்தவை, முன்பு மனிதர்கள் தீனி போட்டுப் பழக்கிய பறவைகள். மரபணு திருத்திப் பிறக்கும் விலங்கு முட்டையை விட்டு வெளியே வரும்போது பார்க்கும் முதல் முகம் மனித முகம். கடைசிவரை அதற்குத் தீனி போடப்போவதும் மனிதக் கைதான்.

அதற்குத் தாய் கிடையாது. யானைக் கன்று பிறந்த சில வாரங்களில் தாயின் சாணத்தைத் தின்னும், அருவருக்க வேண்டியதில்லை. இலை தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் குடலுக்குள் போகின்றன. ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய குடலில் என்ன நுண்ணுயிர் இருந்தது? மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த புதைபடிவச் சாணத்தில் புல்லின் தடயங்கள் இருந்ததை வைத்து, இந்தியாவின் ராட்சத டைனோசர்கள் புல்லும் தின்றிருக்கின்றன என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. ஆனால் கல்லான சாணத்தை எந்தக் குட்டிக்கும் கொடுக்க முடியாது. ஸ்பெயினில் அழிந்துபோன புகார்டோ என்ற மலையாட்டை 2003இல் குளோனிங் மூலம் பிறக்க வைத்தார்கள். நுரையீரல் சரியாக உருவாகாததால் அந்தக் குட்டி சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தது. இத்தனைக்கும் உறைய வைத்த நல்ல செல் கையில் இருந்தது, சுமந்து பெற நெருங்கிய இனமும் இருந்தது.

நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024இல் வியட்நாமில் பறவைக் காய்ச்சல் வந்து 47 புலிகள் செத்தன. அதே ஆண்டுக் கடைசியில் நாக்பூர் பக்கம் கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. புலிக்கே இப்படி என்றால், பறவையின் உடம்பைத் திருத்தி உருவாக்கிய விலங்கை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து காக்கை கொண்டுவரும் கிருமி போதும். அதை ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் நடுவே நிறுத்தி வைப்பது இரு பக்கமும் ஆபத்து.

வேலி, சுவர் விஷயத்தில் பொறியாளர்கள் நம்பிக்கையாகப் பேசுவார்கள். சான் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிச்சாலையில் அகழிச் சுவர் பல ஆண்டுகளாகப் புலியை அடக்கித்தான் வைத்திருந்தது. 2007 கிறிஸ்துமஸ் அன்று தாத்தியானா என்ற புலி வெளியே வந்து ஒருவரைக் கொன்றது. அப்புறம் அளந்து பார்த்தால் சுவர் 12.5 அடி. பரிந்துரைத்த உயரம் 16.4 அடி. புலி எவ்வளவு தாவும் என்று நமக்கு நன்றாகத் தெரியும், அப்படியும் இது நடந்தது. எவ்வளவு தாவும், நீந்துமா, தோண்டுமா என்று யாருமே கண்டிராத விலங்குக்குச் சுவரின் உயரத்தை எதை வைத்துக் குறிப்பீர்கள்?

நல்ல காப்பாளர் ஒருவர் மாலையில் புலியை உள்ளே அடைப்பதை ஒருமுறை பாருங்கள். வாய்விட்டு எண்ணுவார். வெளிக் கதவைத் தொடும் முன் உள் கதவின் பூட்டை இழுத்துப் பார்ப்பார், இரண்டடி தள்ளிப் போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுப்பார். காது மடிந்திருக்கிறதா, வால் நுனி ஆடுகிறதா என்பதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அதை மூத்த காப்பாளர் சொல்லிக் கொடுத்தார், அந்த மூத்தவருக்கு அவருக்கு முந்தையவர். டைனோசரின் காப்பாளருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. எந்த அசைவு கோபம், எந்த அசைவு பசி என்பதை அவர் காயப்பட்டுத்தான் கற்க வேண்டும்.

அடுத்த மாதம் அந்தப் பள்ளிக்கு மறுபடி போகிறேன். மருந்து அளவு எழுதி வைத்திருக்கும் என் பழைய நோட்டை எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். யானை, கடமான், சிறுத்தை, முதலை, ஈமு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அளவை அடித்து அடித்துத் திருத்தியிருக்கும், ஓரத்தில் செத்தவற்றின் தேதியும் இருக்கும். ஈமு பக்கத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. பேனாவைக் கொடுத்து, அங்கே என்ன எழுதலாம் என்று அந்தப் பையனிடமே கேட்கப் போகிறேன்.