லைட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சிகரெட் லைட்டர் தேடுகிறவர்கள் பெட்ரோல் லைட்டர், கேஸ் லைட்டர், லைட்டர் கல்லு என்று கேட்டே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். வாங்கியதைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்காரும்போதுதான், இதற்குச் சரியான சொல் எது என்ற கேள்வி வருகிறது.

ஆங்கிலத்தில் லைட் என்றால் ஒளி, பற்றவைப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. பற்றவைக்கிற பொருள் லைட்டர், அவ்வளவுதான். (துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கும் தட்டைப் படகுக்கும் அங்கே லைட்டர் என்றுதான் பெயர். அது பாரம் குறைவு என்னும் பொருளுள்ள வேறு லைட்.)

தமிழுக்கு வந்தால், பலரும் முதலில் சொல்வது சிக்கிமுக்கி. கேட்டால் அச்சு அசல் தமிழ் போலத்தான் இருக்கிறது, ஆனால் சக்மக் என்ற உருதுச் சொல் நம் வாயில் சக்கிமுக்கி, சிக்கிமுக்கி என்று மாறியது, அதற்கும் மூலம் துருக்கி மொழி. துருக்கியில் இன்றைக்கும் லைட்டருக்குப் பெயர் சக்மாக்தான்! பொருள் பொருந்துகிறதே என்று எடுத்துக்கொள்ளலாமா என்றால், வேலை செய்யும் விதம் இடிக்கிறது. சிக்கிமுக்கியில் கல் கடினமானது, அது இரும்பைச் சுரண்ட இரும்புத் துகள் பொறியாகப் பறக்கிறது. லைட்டரில் இது அப்படியே தலைகீழ். ஒரு பெட்ரோல் லைட்டரின் உள்கூட்டை உருவி, அடியில் இருக்கும் திருகைக் கழற்றினால் ஸ்பிரிங் வெளியே வரும், கவிழ்த்துத் தட்டினால் அதன் பின்னாலேயே அரிசி மணி அளவில் ஒரு துண்டு விழும். நாம் கல் என்று சொல்லும் இந்தத் துண்டு கல்லே இல்லை, செரியம் போன்ற அருமண் உலோகங்களோடு இரும்பு கலந்த கலவை. எஃகுச் சக்கரம் அதைச் சுரண்ட, சுரண்டப்பட்ட தூள் காற்றுப்பட்டு எரிகிறது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக் 1903-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார் (பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்கில் ஒளிரும் வலை, அந்த மேன்டிலும் அவர் கண்டுபிடித்ததுதான்). அதனால் இந்தக் கல்லும் சக்கரமும் உள்ள லைட்டரைக் காட்டி 1880-ஆம் வருஷத்துச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு முன்பும் லைட்டர் இருந்தது, 1823-இல் ஜெர்மனியின் டோபரைனர் செய்தது, ஆனால் அது துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின் மேல் பாய்ச்சிப் பற்றவைத்த மேசைக் கருவி, சட்டைப்பையில் போட முடியாது.

ஞெலிகோல் என்றொரு அழகான பழஞ்சொல் இருக்கிறது. வீட்டுக் கூரையோரத்தில் செருகிய ஞெலிகோல் போலத் தன் ஆற்றல் வெளியே தெரியாமலும் இருக்க வல்லவன் என்று அதியமானை ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அது கட்டையைக் கடைந்து தீ எடுக்கும் கோல். அதை இதற்கு வைத்தால் இரண்டும் குழம்பிப்போகும்.

மிச்சம் இருப்பது தீமூட்டி. ஒலிபெருக்கி போலவே அமைந்த சொல், சொன்னதும் புரிகிறது. பீடியைப் பத்தவைக்கத்தானே செய்கிறோம், மூட்டுவது அடுப்பைத்தானே என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நியாயம்தான், ஆனால் பற்றவைப்பான் என்று எழுதினால் ஏதோ ஆளைச் சொல்வது போல இருக்கிறது. என் ஓட்டு தீமூட்டிக்கே: பெட்ரோல் தீமூட்டி, கேஸ் தீமூட்டி. கல்லைக் கல் என்றே விட்டுவிடலாம், கடையில் கேட்டால் கிடைக்க வேண்டுமே.

ஜிப்போ போன்ற கம்பெனிப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு ஊரில் ஜார்ஜ் பிளேஸ்டெல் 1930-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த லைட்டர் கம்பெனி அது, ஜிப்பர் என்ற சொல்லின் ஓசை பிடித்துப்போய் வைத்த பெயர். அதன் அடிப்பக்க முத்திரைக்கு நான் தேதிக்குறி என்று எழுதுகிறேன். 2001 முதல் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஆண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜிப்போ, பித்தளை கிடைக்காததால் எஃகில் செய்து கறுப்புச் சொரசொரப்புப் பூச்சு பூசியது. பளபளவென்ற பித்தளையில் ஒன்றைக் கொடுத்துப் போர்க்காலத்தது என்றால் கவிழ்த்துப் பாருங்கள், ஏ 05 என்றிருந்தால் அது 2005 ஜனவரி.