சளி மாத்திரைக்குள் இருக்கும் இரண்டாவது மருந்து

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் எங்கள் மெடிக்கலில் அதிகம் கேட்கப்படுவது சளி மாத்திரைதான். "தும்மல் நிக்கவே மாட்டேங்குது தம்பி, ஏதாவது ஒண்ணு குடு" என்பார்கள். ஓர் அட்டையை எடுத்து நீட்டினால் வியாபாரம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: மூக்கு ஒழுகுதா, அடைச்சிருக்கா?

சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை என்று நாம் வாங்கும் பலவற்றில் ஒரே ஒரு மருந்து இருப்பதில்லை. முதலாவது, அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் மருந்து. குளோர்பெனிரமின், செட்ரிசின், லெவோசெட்ரிசின் எல்லாம் இந்த வகை. தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு ஆகியவற்றைக் குறைப்பது இதன் வேலை. அடைத்த மூக்கைத் திறப்பதில் இதற்குப் பெரிய பங்கில்லை. அதற்காகச் சேர்ப்பதுதான் இரண்டாவது மருந்து: ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின். மூக்கின் உள்ளே வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூச்சுக்கு வழிவிடுவது இது. பல அட்டைகளில் மூன்றாவதாகப் பாராசிட்டமாலும் இருக்கும், சிலவற்றில் காஃபீன் கூட.

தும்மலும் ஒழுகலும் மட்டும் உள்ளவருக்கு முதல் மருந்து ஒன்றே போதும். கூட்டு மாத்திரை போட்டால், தேவையே இல்லாத இரண்டாவது மருந்தும் உடம்புக்குள் போகிறது. என் அனுபவத்தில் தொந்தரவு கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

வாய்வழியே போகும் மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். மூக்கில் மட்டுமல்ல, மற்ற இடங்களிலும் ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகமாகத் துடிக்கலாம். பிரஷர் உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல. "பிரஷருக்குத்தான் தினமும் மாத்திரை போடுறேனே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை ஒரு பக்கம் இறக்கப் பார்க்கும்போது இது மறுபக்கம் ஏற்றப் பார்க்கிறது. இதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் இன்னொன்று. சளிக்காக ஒரு வாரம் இதைப் போட்டவர் அதே வாரத்தில் டாக்டரிடம் பிரஷர் பார்க்கப் போவார். அளவு ஏறியிருக்கும். சளி மாத்திரையைப் பற்றி அவர் சொல்லமாட்டார், அதை மருந்துக் கணக்கிலேயே அவர் வைத்திருக்கமாட்டார். பிரஷர் மாத்திரையின் டோஸ் கூட்டப்படும். சளி போன பிறகும் அந்தக் கூடுதல் டோஸ் மட்டும் தொடரும், தலைசுற்றலோடு.

சூடோஎஃபெட்ரின் மூக்கடைப்புக்கு உண்மையிலேயே வேலை செய்யும். அதனாலேயே அதில் கவனமும் கூடுதலாக வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ரத்தக் கொதிப்பு, கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 2024இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். மிக அரிதாக மூளையின் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டதுதான் காரணம்.

ஃபினைலெஃப்ரின் கதை வேறு. நம் ஊர் சளி மாத்திரைகளில் அதிகம் இருப்பது இதுதான், பெரும்பாலும் 10 மி.கி. மாத்திரையாக விழுங்கும்போது இதன் பெரும்பகுதி ரத்தத்தைச் சேரும் முன்பே குடலில் சிதைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு, வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதாகச் சான்றில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளிலிருந்து அதை நீக்கலாம் என்று 2024 நவம்பரில் அந்த நிர்வாகமே முன்மொழிந்தது. ஆபத்து என்று அவர்கள் சொல்லவில்லை, பலனில்லை என்றுதான் சொன்னார்கள். பலனில்லாத ஒன்றுக்காகப் பிரஷர்காரர் ஏன் சிறு ஆபத்தையாவது ஏற்க வேண்டும்? எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

வயதான ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குக் கூட்டு மாத்திரை இரண்டு பக்கமும் இடைஞ்சல். அடைப்பு நீக்கும் மருந்து சிறுநீர்ப்பையின் வாயை இறுக்குகிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய ரக அலர்ஜி மருந்து, பை சுருங்கிச் சிறுநீரை வெளியே தள்ளும் சக்தியைக் குறைக்கிறது. சாயந்திரம் சளிக்கு மாத்திரை போட்ட பெரியவர், விடிவதற்குள் சிறுநீர் போக முடியாமல் அடிவயிறு கல்லாக இறுகி, ஆஸ்பத்திரியில் டியூப் போட வேண்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் யாருக்கும் சளி மாத்திரைமேல் சந்தேகமே வரவில்லை. வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், மாத்திரை வாங்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

குளுக்கோமா (கண் அழுத்த நோய்), இதய நோய், தைராய்டு அதிகச் சுரப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. கடுமையான டிபிக்கு லினசோலிட் சாப்பிடுபவர்கள் இந்த அடைப்பு நீக்கிகளைத் தொடவே வேண்டாம், பிரஷர் திடீரென எகிறலாம். கர்ப்பிணிகள் கேட்டுத்தான் போட வேண்டும். பாலூட்டும் தாய்க்குச் சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும்.

குழந்தைகளுக்கு வருவோம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைப் பலிகொண்ட சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் லேபிளில் இருந்ததும் இதே இரண்டு மருந்தும் பாராசிட்டமாலும்தான். கொன்றது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு, அது முற்றிலும் வேறு குற்றம். ஆனாலும் இறந்த குழந்தைகளில் பலர் 5 வயதைத் தாண்டாதவர்கள் என்பது மனதை விட்டுப் போகவில்லை. அந்த வயதுக் குழந்தையின் சாதாரணச் சளி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். மூத்த பிள்ளைக்கு எழுதிய பாட்டிலைச் சின்னதுக்கும் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தெரியாமலே இரட்டை டோஸ் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமால், கூடவே பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரை. இப்படி மூன்று வேளை, நான்கு வேளை போட்டால் ஒரு நாளின் உச்ச வரம்பான 4 கிராமை நெருங்கிவிடலாம். மது அருந்துபவருக்கும் கல்லீரல் பிரச்சினை உள்ளவருக்கும் அந்த வரம்பே அதிகம். இன்னொரு வகையும் உண்டு: தோல் டாக்டர் அரிப்புக்கு எழுதிய லெவோசெட்ரிசின் ராத்திரிக்கு, கடையில் வாங்கிய குளோர்பெனிரமின் பகலுக்கு. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் மருந்துகள். மறுநாள் பைக் ஓட்டும்போது கண் சொருகுவது அதனால்தான். குளோர்பெனிரமின் போட்டுவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம். லாரி, வேன் ஓட்டும் அண்ணன்மார் கேட்டால் தூக்கம் குறைவாக வரும் ஃபெக்சோஃபெனடினை டாக்டரிடம் கேட்கச் சொல்வேன். அதைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும்.

சரி, மூக்கு உண்மையிலேயே அடைத்திருக்கிறது, மேலே சொன்ன நோய் எதுவும் இல்லை, அப்போது? சில நாட்களுக்குக் கூட்டு மாத்திரை போடலாம். சூடோஎஃபெட்ரின் உள்ளது என்றால் சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் கெடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. காபியையும் குறைத்துக்கொள்ளுங்கள். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதற்காக மறுபடி சொட்டு விடத் தோன்றும். வருடக்கணக்கில் சட்டைப் பையில் பாட்டிலோடு திரிபவர்கள் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

வீட்டுத் தூசி, பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம் என்று மாதக்கணக்கில் தும்முபவர்களுக்குக் கூட்டு மாத்திரை தீர்வே இல்லை. அவர்களுக்கு டாக்டர் எழுதும் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் முதல் மருந்து. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும், நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். உப்புநீரால் மூக்கைக் கழுவுபவர்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேரடியாக வேண்டாம். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது.

மாத்திரை போட்ட பிறகு திடீரெனத் தாங்க முடியாத தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்கல், கண்ணில் கடும் வலி, சிறுநீர் போகாமை இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.