கன்கரண்ட்: கரண்ட் அல்ல, உடனிகழ்

"டாக்டரு கரண்ட்டுன்னு சொன்னாருப்பா. ஏற்கெனவே இளைச்சுப்போன மனுஷன், ஷாக் தாங்குவாரா?"

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் பெரியம்மா இப்படிக் கேட்டார். பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ‘கன்கரண்ட் கீமோரேடியேஷன்’ என்று எழுதியிருந்தது.

பெரியம்மா மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பேரே ‘கரண்ட் வைக்கிறது’தான். உண்மையில் மின்சாரம் இயந்திரத்தோடு நின்றுவிடும். லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற அந்த இயந்திரம் எலக்ட்ரான்களை முடுக்கி ஓர் உலோக இலக்கில் மோதவிடும். அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்தான் மார்புக்குள் போகிறது. சாதாரண எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்புக்கு ஒன்றும் தெரியாதல்லவா, அதே போலத்தான். ஷாக் கிடையாது.

ஆனாலும் பெரியம்மாவின் காது ஓர் உறவைச் சரியாகவே பிடித்திருக்கிறது. கரண்ட், கன்கரண்ட் இரண்டுக்கும் தாய் ஒன்று: லத்தீனில் ‘ஓடு’ என்று பொருள்படும் ‘குர்ரெரே’. ஓடிக்கொண்டிருப்பது கரண்ட். இன்னொன்றோடு சேர்ந்து ஓடுவது கன்கரண்ட்.

இங்கே சேர்ந்து ஓடுபவை கீமோ மருந்தும் கதிரும். முதலில் கீமோவை முடித்துவிட்டு அப்புறம் கதிர் வைத்தால் அது சீக்வென்ஷியல். ‘அடுத்தடுத்த சிகிச்சை’ என்றால் போதும். கன்கரண்டுக்குத்தான் தமிழில் ஆளுக்கொரு சொல். நீதிமன்றச் செய்தியில் தண்டனைகளை ‘ஏக காலத்தில்’ அனுபவிக்கச் சொல்வார்கள். அரசியல் சட்டத்தில் அதுவே பொதுப்பட்டியல். மருத்துவத்துக்கு இரண்டும் பொருந்தவில்லை. ‘ஒருங்கிணைந்த’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டதைப் போன்ற எண்ணத்தைத் தரும். மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறுகிறது, கதிர் வெளியிலிருந்து வருகிறது, காலம்தான் ஒன்று.

எனக்குப் பிடித்த சொல் நன்னூலிலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு அது சொல்லும் பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்வு. ‘பெரியம்மாவோடு பெரியப்பா வந்தார்’ என்பதில் உள்ள ‘ஓடு’தான் உடனிகழ்வு. ஆள் இரண்டு, வருகை ஒன்று. ஆகவே ‘உடனிகழ் வேதிக்கதிர் சிகிச்சை’. முதல் தடவை படிக்கும்போது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ஆனால் பொருள் பிசகாது.

இந்த ‘உடன்’ வெறும் கால அட்டவணைச் சங்கதி இல்லை. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் உடம்பில் இருக்கும்போது கதிர் பட்டால் புற்றணுக்கள் அடிபட்ட தங்கள் டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்ளத் திணறுகின்றன. அறுவை செய்ய இயலாத, ஆனால் நெஞ்சைத் தாண்டிப் பரவாத நோய்க்கு எந்த முறை நல்லது என்று பல நாடுகளில் ஆய்வு செய்தார்கள். அப்படிப்பட்ட 6 ஆய்வுகளின் 1,205 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு 2010-ல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்து உயிரோடிருந்தவர்கள் அடுத்தடுத்த முறையில் 100-க்கு 10.6 பேர், உடனிகழ் முறையில் 15.1 பேர். சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். அந்த நாலைந்து பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் சின்னதில்லை.

அதற்கு விலையும் உண்டு. உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது 100-க்கு 4 பேரிலிருந்து 18 பேராக ஏறியது. எச்சில் விழுங்கினாலே எரியும். காரமும் சூடும் ஆகாது, ஆறிய கஞ்சிதான் இறங்கும். அதனால்தான் உடம்பு தாங்காதவர்களுக்கு மருத்துவர்கள் அடுத்தடுத்த முறையையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் நன்னூலெல்லாம் சொல்லவில்லை. "மருந்தும் கதிரும் கூடக்கூடவே தர்றாங்க பெரிம்மா. கதிர் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், ஆறு வாரம். மருந்து வாரத்துல ஒரு நாள். மாருல மையில கோடு போட்டிருக்காங்க பாருங்க, குளிக்கும்போது அது அழியக்கூடாது."

பெரியம்மா கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்போ சனி, ஞாயிறு கிடையாதா? வெள்ளிக்கெழம சாயங்காலம் குடியாத்தம் பஸ் ஏறிடலாமா?"